மூன்று மாதம் ஆகட்டும்

நான் கருவுற்றிருப்பது தெரிந்ததும், "மூணு மாசம் ஆகட்டும், யார்கிட்டயும் வாயைத் திறக்காதே" என்றார் அம்மா. கண்ணு பட்டுவிடுமாம். சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் மலேசியாவின் புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து வழக்கம்போலப் பாலம் கடந்து பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போனேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆய்வு உதவியாளர் வேலை.

அன்று டிஎன்ஏ பிரித்தெடுக்க வேண்டும். மேசையில் ஃபீனால், குளோரோஃபார்ம். அலமாரியில் ஃபார்மமைடு என்ற இன்னொரு ரசாயனம். அந்தக் குப்பியின் சிவப்புக் கட்டத்துக்குள், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு மனித உருவம் இருக்கும். வருடக்கணக்கில் பார்த்த படம்தான். பாதுகாப்புத் தாளை முழுக்கப் படித்தது அன்றுதான்: கருவுக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

கரு உண்டான மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் பெரும்பாலான உறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடும். வாயைத் திறக்கக்கூடாத மாதங்களும் அவைதான்.

கையுறையாவது காக்குமா என்றால், நைட்ரைல் கையுறை குளோரோஃபார்மைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அதுவும் எங்களுக்கு வருவது எல் சைஸ். விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும், குப்பி வழுக்கும். சின்ன சைஸ் கேட்டால், "இருக்கிறது தீரட்டும்" என்பார்கள்.

தலைமை ஆய்வாளரிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் என் சம்பளம் ஆய்வு நிதியிலிருந்து வருவது, ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். முன்பு ஒரு பெண்ணைப் பற்றி அவர், "கல்யாணம் ஆயிடுச்சு, இனி எத்தனை நாளைக்கு வரப்போகுது" என்று சிரித்தது நினைவில் இருந்தது. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. நல்லதுதான். ஆனால் அது பிரசவத்தை ஒட்டிய கணக்கு. நான் பயந்தது அந்த வாரத்துக்கு.

கண்டுபிடித்தது எங்கள் மூத்த உதவியாளர். மலாய்க்கார அம்மா, எல்லோருக்கும் 'காக்', அதாவது அக்கா. நான் இரண்டு தடவை கழிவறைக்கு ஓடியதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேலைப் பட்டியலில் ஃபார்மமைடுக்கு நேரே இருந்த என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். மேசையில் ஒரு பொட்டலம் 'அசாம் போய்' (புளிப்பான உலர்ந்த பழம்) வைத்துவிட்டுப் போனார். அவர் உடம்புக்கு மட்டும் அந்த ஃபார்மமைடு நல்லதா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏழாவது வாரம் தலைமை ஆய்வாளரிடம் சொன்னேன், மாமியாருக்கே இன்னும் தெரியாத நேரத்தில். வாழ்த்தினார். பிரசவத் தேதியைக் கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொண்டார். நான் எந்தக் குப்பியைத் தொடுகிறேன் என்று கேட்கவில்லை. நானே பட்டியலை நீட்டினேன்.

சின்ன சைஸ் கையுறை வந்தது, நான் விடுப்பில் போன வாரம்.