நொதி திசை மாறும்போது

அஸ்காரிஸ் என்னும் உருளைப்புழுவைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மண்ணில் கிடக்கும் முட்டைக்குள் கரு வளர, நமக்குப் போலவே ஆக்சிஜன் வேண்டும். அப்போது உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதித் தொகுதி (வேதிவினையை விரைவுபடுத்தும் புரதங்களின் கூட்டு) சக்சினேட் என்ற சேர்மத்தை ஃபியூமரேட் என்ற இன்னொன்றாக மாற்றுகிறது. பிறகு புழு நம் சிறுகுடலில் முதிர்கிறது. அங்கே ஆக்சிஜன் அரிது. அதற்கேற்ப அந்தத் தொகுதியின் துணை அலகுகளில், அதாவது அதன் புரதப் பகுதிகளில், சிலவற்றையே புழு மாற்றிக்கொள்கிறது! வினை தலைகீழாகிறது, ஃபியூமரேட் சக்சினேட்டாகிறது. அதற்கு எலக்ட்ரான்களைச் சுமந்து வருவது ரோடோகுவினோன் என்ற மூலக்கூறு. எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

மனித உடலில் ரோடோகுவினோன் இல்லை என்றே நீண்ட காலம் கருதப்பட்டது; அண்மையில் சில மனிதத் திசுக்களிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. ஆனாலும் குடலில் வாழும் புழு அதையே பெரிதும் நம்பியிருப்பதால், என்னைப் பொறுத்தவரை, நம்மை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் தாக்கும் மருந்தை இங்கேதான் தேட வேண்டும். இன்றும் கோடிக்கணக்கானோரின் குடலில் இந்தப் புழு வாழ்கிறது. அவர்களில் குழந்தைகள் ஏராளம்.