இடது கையை மறந்து வலது காலைப் பழக்கிய கதை

ஏழு வருடம் ஸ்கூட்டி ஓடியவள் நான். வீடு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை, வேலை காரைநகரில், தினமும் மூளாய், சுழிபுரம் தாண்டிப் பொன்னாலைப் பாலத்தால் போய்வருகிற பாதை. போன வருடம் அண்ணா வெளிநாடு போனதும் அவருடைய டிஸ்கவர் 125 மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றுவிட்டது. விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, சரி நானே ஓடுகிறேன் என்று எடுத்தேன். கியரும் கிளச்சும் நாலு நாளில் பிடிபட்டுவிட்டன. பின் பிறேக்குக்கு இரண்டு மாதம் போனது.

ஸ்கூட்டியில் பின் பிறேக் இடது கையில் இருக்கும். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் கிளச் இருக்கிறது, பின் பிறேக் வலது காலுக்குப் போய்விடுகிறது. வாயால் சொல்ல இது ஒரு வரிதான். ஆனால் மூன்றாம் நாள் எங்கள் ஒழுங்கையில் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு ஆடு குதித்தபோது எனக்கு முதலில் ஓடியது இடது கைதான், இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கிளச்சைப் பிடித்துவிட்டேன். கிளச் பிடித்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறுந்துவிடும், எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்து வைத்திருந்த அந்தக் கொஞ்சப் பிடியும் போய்விடும். வண்டி சும்மா உருண்டுகொண்டே போனது. ஆடு தப்பியது ஆட்டின் கெட்டித்தனம்.

அந்தப் பயத்தில் அடுத்த கிழமை முழுக்க "கால், கால்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடினேன். சுழிபுரத்துக்குக் கிட்ட ஒரு வளைவில், மதில் கட்ட யாரோ பறித்த மணல் றோட்டில் பரவிக் கிடந்தது, எதிரே ஒரு ஓட்டோ வந்தது, நான் காலால் ஒரே மிதி. பின் சில்லு அப்படியே இறுகி நின்றுவிட்டது, வண்டியின் பின்பக்கம் வலப்பக்கமாக இழுபட, நானும் வண்டியும் இடப்பக்கம் சரிந்தோம். முழங்காலும் முழங்கையும் உரஞ்சுப்பட்டன, ஒரு சிக்னல் லைற் உடைந்தது. வேகம் குறைவு என்பதால் அதோடு போயிற்று.

சித்தப்பா காயத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் ஏசவில்லை. வண்டியை சென்ரர் ஸ்டாண்டில் ஏற்றினார், என்னைச் சீற்றில் ஏறி இருக்கச் சொன்னார், என் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், "பிள்ளை, ஒவ்வொருக்காலும் காலைத் தூக்கியே பிறேக்கில வைக்கிறாய்?" அண்ணா ஆறடி உயரம், பெரிய சப்பாத்துக் கால். அவருக்கு ஏற்றபடி பெடல் மேலே நின்றது. எனக்குக் காலை ஃபுட்ரெஸ்ற்றிலிருந்து முழுதாகக் கிளப்பித்தான் அதில் வைக்கவேண்டி இருந்தது, கிளப்பிய கால் இறங்கும்போது உடம்புப் பாரம் முழுவதும் அதோடு சேர்ந்து இறங்கும். மெல்ல அமத்துவதற்கு அங்கே வழியே இல்லை. சித்தப்பா பெடலைக் கீழே இறக்கினார், அதற்கேற்றபடி பின் சில்லின் கம்பி நுனியில் இருக்கிற நட்டையும் திருகினார், திருகத் திருக சில்லைக் கையால் சுற்றி உரசுகிறதா என்று பார்த்தார். பெடலில் ஒரு அங்குலமளவு சும்மா ஆடுகிற இடம் விட்டார், அதற்குப் பிறகுதான் பிறேக் பிடிக்கத் தொடங்கவேண்டும். பெடல் உயரத்தை மாற்றினால் பின் லைற் எரிகிற சுவிச்சையும் சரிபார்க்க வேண்டுமாம். பார்த்தால் பெடலைப் பாதிக்கு மேல் அமத்திய பிறகுதான் சிவப்பு லைற் எரிந்தது. அதையும் திருத்தினோம்.

பிறகு அராலிப் பக்கத் தரவைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோடையில் காய்ந்து இறுகிப்போன வெளி, ஆடு மாடுகூடத் தூரத்தில்தான். இரண்டு செங்கல்லை வைத்து, 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து அந்த இடத்தில் பிறேக் பிடி என்றார். பின் பிறேக் மட்டும் பிடித்தால் நான் நிற்க 17 காலடி போனது. இரண்டும் சேர்த்துப் பிடித்தால் 10. அவரே நடந்து அளந்தார். பிறேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னுக்குப் போய் முன் சில்லு நிலத்தில் நன்றாக ஊன்றிக்கொள்ளும், பின் சில்லு இலேசாகிவிடும், இலேசான சில்லு சுலபமாக இறுகி இழுபடும். அதனால்தான் மணலில் எனக்கு அப்படி நடந்தது. அதற்காகப் பின் பிறேக்கே வேண்டாம் என்று விடவும் முடியாது. மணலில் முன் பிறேக்கை இறுக்கினால் முன் சில்லு சறுக்கும், முன் சில்லு போனால் திருப்பிப் பிடிக்க நேரமே கிடைக்காது.

"மிதிக்காத. குதிக்கால் ஃபுட்ரெஸ்ற்றில இருக்கட்டும், முன்பாதத்தால அமத்து." இதை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. ஒரு பின்னேரம் வேண்டுமென்றே சில்லை இறுகப் பண்ணச் சொன்னார், நேராக, இருபதில். "சர்ர்" என்று ஒரு சத்தம், சீற்றுக்குக் கீழே ஒரு அலைவு, மெல்லக் கால் தளர்த்தியதும் சில்லு மறுபடி உருண்டது. பத்துப் பன்னிரண்டு தரம் செய்திருப்பேன். அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெடலில் ஒரு மெல்லிய துடிப்பு காலுக்குத் தெரிகிறது. அதை நான் கண்டுபிடித்தது செருப்போடு ஓடிய நாளில் அல்ல, மெல்லிய அடியுள்ள சப்பாத்துப் போட்ட நாளில். செருப்பு பெடலில் வழுக்கவும் செய்யும்.

பின்பக்கம் ஏற்கெனவே ஒரு பக்கம் இழுபட்டுவிட்டால் மட்டும் சட்டென்று காலை எடுக்கக்கூடாது என்றார். சில்லு திடீரென்று பிடித்து வண்டி மற்றப் பக்கம் தூக்கி எறியும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒழுங்கைக்குள் வண்டி திருப்புவது. முன்பெல்லாம் ஹான்டிலை முறித்துக்கொண்டு முன் பிறேக்கைத் தொடுவேன், தொட்ட உடனே வண்டி சரியும். இப்போது கிளச்சைப் பாதியில் வைத்து, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்து, பின் பிறேக்கை இலேசாக அமத்தியபடி திருப்புகிறேன். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி, வண்டி என் சொல் கேட்டு மெல்ல மெல்ல வருகிறது. தரவையில் எட்டுப் போட்டுப் போட்டுத்தான் இது வந்தது. நிற்கும்போதும் வலது கால் பிறேக்கிலேயே இருக்க, இடது காலைத்தான் ஊன்றுகிறேன்.

பொன்னாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் அது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது: வேகம் குறைக்கவேண்டுமென்றால் முதலில் அக்சிலேற்றரை விடுவது, பிறகு காலால் மெல்லத் தொட்டு வண்டியை அமைதியாக்குவது, அதற்குப் பிறகு முன் பிறேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது. போன மாரியில் ஈர றோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது இடது கை அசையவே இல்லை, காலும் வலது கையும் தங்கள் வேலையைச் செய்தன. மாடு போன பிறகுதான் அதைக் கவனித்தேன்.

இப்போது அம்மாவின் அவசரத்துக்கு ஸ்கூட்டியை எடுத்தால் வலது கால் கால்பலகையை அமத்துகிறது, இடது கை கிளச் என்று நினைத்துச் சும்மா இருக்கிறது. அதனால் ஒரே நாளில் இரண்டையும் மாறி மாறி ஓடுவதை விட்டுவிட்டேன். கட்டாயம் மாறவேண்டி வந்தால், வாசலில் வண்டியை நிறுத்திவைத்து இரண்டு பிறேக்கையும் ஐந்தாறு தரம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் றோட்டுக்கு இறங்குகிறேன்.