பல் நாற்காலியில் ஏற மறுக்கும் பிள்ளைகளோடு

பல் சிகிச்சைக்கு எங்களிடம் வரும் குழந்தைகளில் பலர் மாலை ஏழு மணிக்கு மேல்தான் வருகிறார்கள். பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து, வேளச்சேரி டிராஃபிக்கில் நின்று, பசியும் தூக்கமுமாக. அந்த நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளை எதற்குமே ஒத்துழைக்காது. அதைப் பல் பயம் என்று முடிவு கட்டினால் தவறு. அதனால் முதலில் மாற்றுவது நேரத்தைத்தான்: காலை பத்து, பதினொரு மணி. பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. கிளம்புவதற்கு முன் இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடு வரும் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே வரும் குழந்தைக்கு எக்ஸ்ரே பிலிமை வாயில் வைத்ததுமே குமட்டும். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டால் அந்த அறையைப் பார்த்தாலே அடுத்த முறை அழுகை வரும்.

பயம் மூன்று வழிகளில் வருகிறது என்று உளவியலாளர் ராக்மன் 1977-இல் எழுதினார்: தானே பட்ட வலி, அடுத்தவர் பயப்படுவதைப் பார்ப்பது, காதில் விழும் பேச்சு. பல் டாக்டரையே பார்த்திராத குழந்தை வாசலிலேயே அலறினால் பின்னிரண்டும்தான் காரணம். "அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்பதைச் சொல்லாத வீடு குறைவு. அந்தப் பேச்சை அன்றே நிறுத்த வேண்டும். பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை உட்பட எல்லோரும். தனக்குப் பல் பிடுங்கிய கதையைக் குழந்தை எதிரில் யாரும் சொல்லக் கூடாது.

வீட்டில் என்ன சொல்லிக் கூட்டி வருவது? மூன்று, நான்கு வயதுக்கு முந்தைய நாள் சாயங்காலம் சொன்னால் போதும். ஏழு வயதுக்கு மேல் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லலாம். "டாக்டர் ஆன்ட்டி உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க." அவ்வளவுதான். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவரை வலியைப் பற்றி நினைக்காத குழந்தைகூட அப்போது நினைக்கத் தொடங்கும். துளி வலித்தால் எங்கள் மீதும் உங்கள் மீதும் சேர்த்தே நம்பிக்கை போகும். பார்க் போகலாம் என்று பொய் சொல்லி அழைத்து வருவது அதைவிட மோசம்.

முகவீக்கம், காய்ச்சல், இரவில் தூங்கவிடாத வலி இல்லையென்றால் முதல் நாள் சிகிச்சையே வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையின் தலையை டாக்டர் மடியில் சாய்ப்பார்கள். குழந்தை அழும். அழும்போது வாய் தானாகத் திறக்கிறது, ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

மூன்று வயதுக்கு மேல் 'சொல், காட்டு, செய்' முறைதான். பல் மருத்துவர் அடெல்ஸ்டன் 1959-இல் விவரித்தது, இன்றும் அடித்தளம் இதுவே. "இது சுத்துற பிரஷ், கிச்சுகிச்சு மூட்டும்" என்று சொல்வோம். பிரஷை நிறுத்தி வைத்துக் காட்டுவோம். பிறகு மெதுவாகச் சுற்றவிட்டு, முதலில் டாக்டரின் நகத்தில், அடுத்து குழந்தையின் கட்டைவிரல் நகத்தில். சிரித்தால் அந்தக் கணமே முன்பல்லில் வைக்க வேண்டும். காட்டுவதற்கும் செய்வதற்கும் நடுவில் போனை எடுத்துப் பேசினால் குழந்தை யோசிக்கத் தொடங்கிவிடும். உமிழ்நீர் உறிஞ்சும் குழாயை ஒரு காகிதக் கப் தண்ணீரில் வைத்து, குழந்தை கையாலேயே உறிஞ்சவிடுவோம். காற்றை உள்ளங்கையில் ஊதிக் காட்டுவோம்.

கெடுவது எங்கே? சொல்லாமல் சத்தம் வரும் இடத்தில். அசிஸ்டெண்ட் அக்கா பழக்கதோஷத்தில் உறிஞ்சியை முன்கூட்டியே போடுவது, ஊசி இருக்கும் டிரே கண்ணில் படுவது, பக்கத்து அறையில் பல்லைக் குடையும் ஏர்ரோட்டரின் சத்தம். இன்னொன்று, டாக்டர் பேசும்போதே அம்மாவும் "ஒண்ணும் ஆகாதுடா கண்ணா, வாயைத் திற, திற" என்று பேசுவது. இரண்டு குரல் கேட்டால் குழந்தை எதையும் கேட்காது. பெற்றோர் உள்ளே இருக்கட்டும், காலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் போதும்.

கடைசியாகக் கை சமிக்ஞை. இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார். வேலை தொடங்கும் முன் இரண்டு முறை சும்மா ஒத்திகை பார்க்க வேண்டும். சில பிள்ளைகள் வேண்டுமென்றே கை தூக்கிச் சோதிப்பார்கள். அப்போதும் நிறுத்தியாக வேண்டும். ஒரே ஒரு முறை "இதோ முடிஞ்சுது" என்று தொடர்ந்துவிட்டால் அந்தச் சமிக்ஞை செத்துப்போனது. ஒவ்வொரு வருகையிலும் ஃபிராங்கல் அளவில் 1 முதல் 4 வரை நடத்தையைக் கேஸ் ஷீட்டில் குறிக்கிறோம். 1 முழு மறுப்பு, 4 சிரித்த முகம்.

அந்த அளவில் இரண்டில் நிற்கும் குழந்தையின் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்றால் உடனே டிரில் எடுக்க வேண்டியதில்லை. 38 சதவீத சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்ற மருந்தைத் தொட்டு வைத்தால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். ஊசியும் இல்லை, சத்தமும் இல்லை. சொத்தை கருத்துவிடும், அந்தக் கறுப்பு போகாது. இதற்காகவே பல பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள். எங்களைக் கேட்டால், மூன்று வயதுக் குழந்தையை நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட உள்பல் கறுப்பாக இருப்பது ஆயிரம் மடங்கு மேல். இன்னொரு வழி ஹால் முறை: சொத்தையைச் சுரண்டாமலே ஸ்டீல் கேப்பை சிமெண்ட் வைத்து அழுத்தி மாட்டுவது. சில நாள் கடி உயர்ந்ததுபோல் இருக்கும், சில வாரங்களில் சரியாகும். ஆனால் இரண்டுமே வேர் வரை சீழ் பிடித்த பல்லுக்கு உதவாது.

ஊசி தவிர்க்க முடியாதபோது அவசரம்தான் எதிரி. ஈறைப் பஞ்சால் துடைத்து உலர்த்திய பிறகே மரப்பு ஜெல். ஈரத்தில் தடவினால் வேலை செய்யாது. பட்டாணியில் பாதி போதும், ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அதிகம் வைத்தால் தொண்டைக்கு வழிந்து மரத்து, மூச்சு முட்டுவதாக நினைத்துக் குழந்தை பதறும். பென்சோகெய்ன் கலந்த மரப்பு ஜெல்லை இரண்டு வயதுக்குக் கீழ் வைக்கவே கூடாது. மேல்பல்லுக்கு மெல்லிய 30 கேஜ் ஊசி. கன்னத்தை இழுத்து லேசாக ஆட்டிக்கொண்டே, ஒரு மில்லி மருந்தை ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்த வேண்டும். மருந்து வேகமாக இறங்கினால்தான் அதிகம் வலிக்கும்.

அளவுக்கும் கணக்கு உண்டு. மரப்பு ஊசி மருந்தான லிக்னோகெய்ன் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் வரை. 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் ஒன்றிலேயே 36 இருக்கிறது. இரண்டு முழு கார்ட்ரிட்ஜ் போட்டாலே எல்லை தாண்டும். "எல்லாப் பல்லையும் இன்னைக்கே முடிச்சிருங்க டாக்டர்" என்பதற்கு நாங்கள் தலையாட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சீழ் கோத்த இடத்தில் திசு அமிலமாகிவிடுவதால் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்காது. அங்கே குழந்தை "வலிக்குது" என்றால் உண்மையிலேயே வலிக்கிறது. "சும்மா பயத்துல அழறான், நீங்க பண்ணுங்க" என்று அப்பா சொல்வதும் அதைக் கேட்டு டாக்டர் தொடர்வதும்தான் பல வருடப் பயத்தை உண்டாக்கும். நிறுத்தி, கூடுதல் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் வீக்கத்தை வடித்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லலாம்.

இத்தனைக்கும் மசியாதவர்களுக்கு பயத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. குழந்தை விழித்தேதான் இருக்கும், மூக்கு வழியாக மூச்சு விட வேண்டும். நவம்பர், டிசம்பர் மழையில் சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் தள்ளிப்போடுவோம். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன். மிகச் சிறிய வயதில் பத்துப் பன்னிரண்டு பல் கெட்டிருந்தாலோ, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை என்றாலோ முழு மயக்கமே மேல். அதற்குப் பாலும் சாப்பாடும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன். விடியற்காலையில் பிள்ளை அழுகிறதே என்று அரை டம்ளர் ஹார்லிக்ஸ் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

செலவு கவலை என்றால், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனித்துறை உண்டு. போரூர், வேலப்பன்சாவடி, உத்தண்டிப் பக்கத் தனியார் கல்லூரிகளிலும் உண்டு. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட வேண்டும். ஒரு பல்லுக்கே சில முறை வரச் சொல்லலாம். பயந்த குழந்தைக்கு அது நல்லதே.

ஊசி போட்ட அன்று உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அதைக் கடித்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. உதட்டில் வாசலின் தடவி, மரப்பு விலகும்வரை கண்ணெதிரிலேயே வைத்திருங்கள். பிறகு தயிர்சாதம் கொடுக்கலாம். கடித்துவிட்டால் மறுநாள் வீங்கி வெள்ளையாகத் தெரியும். அது சீழ் இல்லை, தானே ஆறும். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து வரும்போது பல்லை எண்ணுவதும் ஃப்ளூரைடு வார்னிஷ் தடவுவதும் மட்டும்தான், அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த வருகையைத் தவறவிடாதீர்கள்.