நாலாவது முத்திரை வெள்ளையாக வந்துவிட்டது

இன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து, பல்கூடத் துலக்காமல் போய் உலையைத் திறந்தேன். உள்ளே நான் மாக்கல்லில் செதுக்கிய சிந்துவெளி முத்திரை முழுசாக இருந்தது. விரியவில்லை, உடையவில்லை, கயிறு கோக்கிற முதுகுக் குமிழ் தனியாகக் கழன்று கிடக்கவில்லை. எல்லாவற்றையும்விட, வெள்ளையாக இருந்தது. ஏழு மாதத்தில் மூன்றைப் பறிகொடுத்தவனுக்கு இதுவே தீபாவளி. நேற்றுவரை நகம் பட்டாலே மாவாக உதிர்ந்த கல்லில் இன்று பேனாக்கத்தி வழுக்குகிறது. கல்லில் கீறல் விழவில்லை. கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டிக்கொண்டது. ஒரு குறை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிந்துவெளி முத்திரை செய்து பார்க்கிறவர்களுக்கு மாக்கல் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செதுக்கும்போது சோப்பு மாதிரி, 900 டிகிரியைத் தாண்டிச் சுட்டதும் கல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி, அதன் மென்மையான கனிமமான டால்க், கடினமான என்ஸ்டடைட்டாக மாறி இறுகிவிடும். அது நடந்ததா என்று பார்க்கத் தராசு போதும். உலைக்குள் போகும்போது 26.1 கிராம், வெளியே வந்தபோது 24.9. சுத்தமான டால்க் இழக்க வேண்டிய எடை நூற்றுக்குக் கிட்டத்தட்ட அஞ்சு பங்கு. கணக்கு சரியாக வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் முத்திரையின் கதை சின்னது. சேலத்தில் கல்சட்டி செய்கிறவரிடம் உடைந்த சட்டித் துண்டு ஒன்றை வாங்கி, சிந்துவெளி முத்திரைகளில் வரும் ஒற்றைக்கொம்பு மாடான ஒற்றைக்கொம்பனைப் பதினோரு நாள் செதுக்கி, ஒரு மணி நேரத்தில் ஆயிரம் டிகிரிக்கு ஏற்றினேன். 'டப்' என்று ஒரு சத்தம். திறந்தால் குமிழ் ஒரு மூலையில், ஒற்றைக்கொம்பனின் தலை இன்னொரு மூலையில்.

இரண்டாவதைக் காப்பாற்றியது அம்மா. துண்டுகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, புதுக் கல்சட்டியைப் பழக்காம அடுப்புல வச்சா வெடிக்காதா? இது மட்டும் என்ன மாமியார் வீட்டுக் கல்லா?" என்று கேட்டார். உண்மைதானே. கல்சட்டியை வாங்கி வந்தால் முதலில் அரிசி கழுவிய தண்ணீரும் கஞ்சியும் ஊற்றி ஊற வைத்து, பிறகு சூடான தண்ணீர், பிறகு சின்னத் தீ என்று நாலைந்து நாள் பழக்குவார்கள். கல்லில் தங்கியிருக்கும் ஈரம் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முத்திரைக்கும் அதே வைத்தியம் செய்தேன். 120 டிகிரியில் ஒரு ராத்திரி முழுக்க. அப்புறம் மணிக்கு 60 டிகிரி வீதம் 500 வரை. அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தி, மறுபடி அதே வேகத்தில் 1000. மேலே இரண்டு மணி நேரம். இறக்குவதற்கு அவசரமே கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டும். உலை, பல் செட் செய்கிற லேபில் கழித்துக் கட்டிய மெழுகு எரிக்கும் அடுப்பு. உள்ளே இரண்டு முத்திரைக்கு மேல் கொள்ளாது, ஆனால் சூட்டைச் சொன்ன இடத்தில் நிறுத்தும்.

இரண்டாவது உடையவில்லை, ஆனால் செங்கல் நிறத்தில் வந்தது. நம் ஊர் மாக்கல்லில் இரும்பு அதிகம், சுட்டால் பழுப்பேறத்தான் செய்யும். குழம்பு வைக்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. முத்திரைக்கு? மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் கிடைத்தவை பெரும்பாலும் வெள்ளை. நிறம் தற்செயல் இல்லை என்பது சொந்தக் கல் பழுப்பானபோதுதான் எனக்கு உறைத்தது. அரப்பாவில் புழங்கிய மாக்கல்லின் மூலத்தைச் சோதித்துப் பார்த்ததில், பெரும்பகுதி வடக்கே ஹசாரா மலைப் பக்கத்துக் கல் என்று தெரிகிறது. இரும்பு குறைந்த, சுட்டால் வெளுக்கும் கல். அரப்பாவிலிருந்து அங்கே போக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். மாட்டு வண்டியும் படகும்தான் வாகனம். மென்மையான கல் வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்தால், இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள்.

மூன்றாவதைப் பற்றி எழுதினாலே ரத்தம் கொதிக்கிறது. இணையத்தில் 'வெள்ளை மாக்கல், கைவினைக்கு' என்று போட்டு விற்ற ஒருவரிடம் இரண்டு கிலோ வாங்கினேன். தபால் செலவு கல் விலையைவிட அதிகம். நகத்தால் கீறினேன், விழுந்தது. சந்தோஷமாகச் செதுக்கினேன். 200 டிகிரி தாண்டுவதற்குள் முகம் முழுக்க வெடிப்பு, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி மாவு. அது ஜிப்சம். ஜிப்சத்திலும் நகம் கீறும், அதனால் நகச் சோதனையை நம்பாதீர்கள். ஒரு சில்லை வாணலியில் போட்டு ஐந்து நிமிடம் வறுத்துப் பாருங்கள். மாக்கல் சும்மா கிடக்கும், ஜிப்சம் வெளிறி உதிர ஆரம்பிக்கும். விற்றவரிடம் கேட்டால், "செதுக்கத்தானே சார் கேட்டீங்க, சுடுறேன்னு சொல்லலையே" என்கிறார்.

நாலாவதுக்குக் கல், உதய்ப்பூர் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது. அங்கே சிற்பம் செய்கிறவர் ஒருவர் மூலமாக ஒரு கட்டி. வாணலியில் தேறிவிட்டது. இனி வேறு எங்கேயும் வாங்கப் போவதில்லை.

இப்போது குமிழ். மிருகத்தைச் செதுக்குவது பொறுமை, குமிழ் செய்வது கண்டம். சதுர முத்திரையின் முதுகில் பாதி எலுமிச்சை மாதிரி எழும்பி, நடுவில் ஒரு பள்ளம் ஓடி, குறுக்கே கயிறு நுழைய ஒரு துளை. அருங்காட்சியக முத்திரைகளிலேயே பலவற்றில் குமிழ் உடைந்து போயிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். தவறு நான் எங்கே செய்தேன் என்றால், முதலில் முகத்தைச் செதுக்கிவிட்டுக் கடைசியில் குமிழுக்குப் போனது. பதினோரு நாள் உழைப்பை ஒரு துளை தின்றுவிடும். இப்போது முதல் வேலையே குமிழ்தான். ஹாக்சா பிளேடால் நாலு பக்கமும் அறுத்து முதுகை இறக்கி, ஊசி அரத்தால் உருட்டி, துளையையும் போட்டுவிட்டுத்தான் முகத்தைத் தொடுவேன்.

துளையை இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் வெளியேறும் வாயில் சில்லு பெயரும். மின்சாரத் துளைக்கருவி வேண்டவே வேண்டாம். 2 மில்லிமீட்டர் பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலால் உருட்டினாலே போதும். அதைவிட முக்கியம் கல்லின் அடுக்கு. கல்லை நனைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மெல்லிய வரிகள் தெரியும். வரிகள் முகத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் குமிழ் தோசை மாதிரி கழன்று வரும். துளையோடு சேர்ந்து ஓடினால் துளை வழியே பிளக்கும். துளைக்குக் குறுக்கே நிற்கும்படி கல்லை வெட்டிக்கொண்டால் பிழைத்தது. இந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு ஐந்து குமிழ்கள் செலவு.

பிற்காலத்தில், கி.மு. 2200-க்குப் பிறகு, குமிழும் மிருகமும் இல்லாமல் எழுத்து மட்டும் உள்ள நீளமான முத்திரைகள் அரப்பாவில் வருகின்றன. அறிஞர்கள் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். குமிழ் செய்து அலுத்துப்போன ஒருவர் அந்தப் பட்டறையில் இருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

எழுத்து வரிசைக்கு வருகிறேன். அச்சில் வலமிருந்து இடம் என்றால் முத்திரையில் கண்ணாடிப் பிம்பமாக இடமிருந்து வலம் வெட்ட வேண்டும். இது தெரிந்தும் ஐந்து குறிகளை இடைவெளி பார்க்காமல் தாராளமாக ஆரம்பித்தேன். மீன் நன்றாக வந்தது, பிறகு வந்தவையும் பரவாயில்லை, கடைசியில் ஜாடிக் குறிக்கு இடமே இல்லை. ஓரத்தில் நெருக்கித் திணித்தேன். மூல முத்திரைகளிலேயே சிலவற்றில் அச்சின் இடது ஓரத்தில் குறிகள் இப்படி நெருங்கிக் கிடக்கும். வாசிப்பு வலமிருந்து தொடங்குகிறது என்பதற்கு அதைத்தான் முதல் சான்றாகக் காட்டினார்கள். பிறகு தொல்லியலாளர் பி.பி.லால், ராஜஸ்தானில் உள்ள காளிபங்கன் பானை ஓட்டில் ஒரு கீறல் இன்னொன்றின் மேல் ஏறியிருப்பதைக் காட்டி உறுதி செய்தார். நாலாயிரம் வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் என்னைப் போலவே இடம் போதாமல் முழித்திருக்கிறார்.

ஐராவதம் மகாதேவன் 1977-இல் தொகுத்த சிந்து எழுத்துப் பட்டியலில் 417 குறிகள். அதில் அதிகம் வருவது இந்த ஜாடிதான், பெரும்பாலும் கடைசியில். மீனை மீன் என்றே படித்து விண்மீன் என்று பொருள் கொள்ளும் வாதம் நம்மவர்களுக்கு இனிக்கும். வாசித்துக் காட்டுகிறவருக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் தெரியும். நான் அந்தப் பந்தயத்தில் இல்லை. எனக்கு ஜாடி வளையாமல் வந்தால் போதும்.

செய்துகொண்டே இருக்கும்போது மனதில் ஓடியது இதுதான். முத்திரை தனியாக நிற்கிற பொருள் இல்லை. குஜராத்தில் உள்ள சிந்துவெளி ஊரான லோத்தலில் கிடங்கு தீப்பிடித்தபோது, சரக்கு மூட்டைகளில் ஒட்டியிருந்த களிமண் வில்லைகள் சுட்டு இறுகி அறுபதுக்கும் மேல் தப்பின. முன்பக்கம் முத்திரை, பின்பக்கம் நாணல், துணியின் தடம். அதாவது மூட்டை கட்ட ஒருவர், மூட்டையைப் பிரிக்க எங்கோ தூரத்தில் இன்னொருவர். மெசபடோமியாவில் அக்காட் மன்னன் சர்கோன் தன் துறையில் மெலுஹாவின் (சிந்துவெளியை அவர்கள் அழைத்த பெயர் என்கிறார்கள்) கப்பல்கள் நிற்பதாகப் பெருமையடித்த காலம் அது. வடக்கே, இன்றைய ஆப்கானிஸ்தானில், ஆமு தரியா ஆற்றை ஒட்டி ஷோர்துகாயில் சிந்துவெளிக்காரர்கள் தனிக் குடியேற்றமே வைத்திருந்தார்கள், பதக்‌ஷானின் லாபிஸ் லாசுலி நீலக்கல்லுக்காக. அங்கே காண்டாமிருக முத்திரை ஒன்று கிடைத்தது. துர்க்மெனிஸ்தானில் கோனூரில் யானை முத்திரை.

கி.மு. 1900 வாக்கில் இதெல்லாம் நின்றுபோகிறது. படையெடுத்து வந்து கொன்றார்கள் என்ற தொல்லியலாளர் வீலரின் கதையை, இன்னொரு தொல்லியலாளரான ஜார்ஜ் டேல்ஸ் 1964-லேயே எலும்புக்கூடுகளைத் திரும்பப் பார்த்துக் கலைத்துவிட்டார். பருவமழை தளர்ந்தது, கக்கர்-ஹக்ரா ஆறு வறண்டது, மேற்கே வாங்குகிறவர்களும் நொடித்தார்கள். ஜனங்கள் சாகவில்லை, கிழக்கேயும் குஜராத்திலும் சின்ன ஊர்களாகப் பிரிந்து பயிர் செய்தார்கள், பானை செய்தார்கள். ஆனால் எழுத்துள்ள முத்திரை போய்விட்டது, கனசதுர எடைக்கல் போய்விட்டது. எனக்கு இதில் புதிர் எதுவும் தெரியவில்லை. ஹசாரா கல் வருவது நின்று, மூட்டையைப் பிரிக்க அந்தப் பக்கம் ஆளும் இல்லையென்றால், குமிழோடு மல்லுக்கட்ட யாருக்குத் தலையெழுத்து? ஒரு தலைமுறை சொல்லிக் கொடுக்காமல் விட்டால் போதும். கற்றுக் கொடுக்க ஆள் இல்லாமல் ஏழு மாதம் நான் பட்டது எனக்குத் தெரியும்.

அடுத்தது கோனூர். அந்தப் பக்கத்து ஆட்கள் முத்திரையைச் செம்பிலும் வெண்கலத்திலும் வார்த்தார்கள், ஜன்னல் கம்பி மாதிரி அறை அறையாக. முர்காப் ஆறு தடம் மாறி அந்த ஊரும் காலியானது, அது தனிக் கதை. வார்ப்பு மாதிரிக்குத் தேன்மெழுகு அரைக்கிலோ வாங்கி வைத்துவிட்டேன். பல் லேப் அடுப்பு பிறந்ததே மெழுகு எரிக்கத்தான். எடைக்கல்லும் செய்ய ஆசை. சின்ன அலகைப்போல் பதினாறு மடங்கான எடை 13.7 கிராம் பக்கம். ஆனால் சக்கிமுக்கிக் கல்லை அந்த நுணுக்கத்துக்குத் தேய்க்க என் கையில் இருப்பது உப்புத்தாள்தான். பார்க்கலாம்.

சரி, அந்தக் குறை. சுடுவதற்கு முன் மாக்கல் பொடியும் சலவை சோடாவும் குழைத்து மெல்லப் பூசினேன், அந்த மினுமினுப்புக்காக. சோடா 851 டிகிரியில் உருகும்; முகத்தில் அழகாகப் படிந்து பளபளப்பு ஏறிவிட்டது. முதுகில் வழிந்தது துளைக்குள் போய்த் தேங்கி, கண்ணாடியாக உறைந்து அடைத்துக்கொண்டது. அடுத்த முறை துளையில் நூலைத் திணித்துவிட்டுப் பூச வேண்டும், நூல் எரிந்து போய்விடும். இப்போதைக்குக் கயிறு நுழையாது. நேற்று வெண்ணெய் மாதிரி இறங்கிய பிட்டு இன்று சும்மா சுற்றுகிறது. வைர முனை பிட்டு மூன்று சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருமாம். அம்மா அதற்குள் சப்பாத்தி மாவில் ஒரு அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு, "மாடு நல்லாருக்கு, மூலைல ஏதோ நசுங்கிருக்கே?" என்றார். அது ஜாடி.