ஏடிஆர் துணை விமானி வேலை: கையெழுத்துப் போடுமுன் பிஎஃப் கணக்கைப் பாருங்கள்

முடிவு வந்துவிட்டது. ஏடிஆர் 72-600 என்ற புரொப்பெல்லர் விமானத்தின் துணை விமானியாக மறுபடியும் ஓரிடத்தில் தேர்வாகியிருக்கிறேன். எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர், நேர்காணல் என்று அவர்கள் நம்மைச் சோதிக்கும் வழிகளெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாம் அவர்களைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

பிஎஃப் பணத்தை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடும் வசதி உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த மாதச் சம்பளத்துக்கான பிஎஃப், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது என்று வரிசையாக இருக்கும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தேதி மெல்ல மெல்லத் தள்ளிப்போய், இரண்டு மாதத் தொகை ஒன்றாகச் சேர்ந்து, ஆள் எண்ணிக்கையும் இறங்கிக்கொண்டே வந்தால், எச்ஆர் அதிகாரி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு காபி வாங்கிக் கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

முன்பு நான் பறந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சம்பளம் முதலில் ஒரு வாரம் தள்ளிப்போனது, பிறகு பாதியானது. புதிய முதலீட்டாளர் வருகிறார் என்றார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் வந்துகொண்டே இருந்தார். கடைசியில் குத்தகைக்கு விட்டவர்கள்தான் வந்தார்கள், விமானத்தை எடுத்துப்போக. அடுத்த வார ரோஸ்டர் (பணி அட்டவணை) வரவே இல்லை. தென்னிந்தியாவில் இது புதிய கதையும் அல்ல. பாராமவுண்ட் 2010இல் நின்றது, ஏர் பெகாசஸ் 2016இல், ஏர் கோஸ்டா 2017இல், ட்ரூஜெட் 2022இல். பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்பவர்களுக்கு ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பதில் சொல்லிவிட்டன.

வேலை போன பிறகு கல்யாண வீடுகள்தான் பெரிய தொல்லை. "இப்போது எந்த ரூட்டில் ஓட்டுகிறாய்?" என்று கேட்காத சித்தப்பா இல்லை. நான் போவதையே நிறுத்திவிட்டேன். மனம் விட்டுப் பேசுங்கள், நாலு பேரோடு பழகுங்கள் என்றெல்லாம் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கடன் தவணையைத் தள்ளிப்போட வங்கியோடு பேசியதும், காலையில் இரண்டு மணி நேரம் ஏடிஆர் கையேட்டோடு உட்கார்ந்ததும்தான் என்னைக் காப்பாற்றின.

நிறுவனம் தள்ளாடும்போதே செய்ய வேண்டியவை:

- இ-லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் மின் பதிவேடு) ஒவ்வொரு செக்டரையும், அதாவது ஒவ்வொரு பயணத்தையும், நிறுவனத்தை அங்கீகரிக்க வைத்துவிடுங்கள். ஆபீஸ் பூட்டிய பிறகு உங்கள் மணிக்கணக்குக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.
- பயிற்சிக் கோப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
- கிளாஸ் 1 மெடிக்கலை (விமானிக்கான மருத்துவச் சான்று) காலாவதியாக விடாதீர்கள். வேலை இல்லாதபோது இது எதற்கு என்று தோன்றும். அழைப்பு வந்தால் ஒரு வாரத்தில் வரச் சொல்வார்கள்.

இடையில் ஒரு ஜெட் நிறுவனத்தின் சிமுலேட்டர் சோதனையில் என்னை நிராகரித்தார்கள். காரணம் சொல்லவில்லை, கேட்டும் பயனில்லை. இந்த முறை நேர்காணலில் அதை மறைக்காமல் இரண்டே வாக்கியங்களில் சொன்னேன். மேற்கொண்டு யாரும் கிளறவில்லை.

சிமுலேட்டரைப் பற்றி ஒன்று மட்டும். வீ1 (அதற்கு மேல் ஓடுபாதையில் நிறுத்த முடியாது, மேலேறியே ஆக வேண்டும் என்ற வேகம்) தாண்டியதும் ஒரு என்ஜின் போகும், எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். பல மாதம் சும்மா இருந்தவனுக்கு உடனே எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72-600க்கு நேர்ந்தது அந்த அவசரத்தால்தான்: இரண்டாம் என்ஜினின் புரொப்பெல்லர் தானாகவே ஃபெதர் ஆகி (அலகுகள் காற்றோட்டத்தின் திசைக்குத் திரும்பி) உந்துவிசை தராமல் இருந்தது, கேப்டன் இழுத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் என்ஜினின் லீவரை. என் சோதனையில் இடது என்ஜின் போனது. வலது காலால் ரடரை அழுத்தி, மூக்கை நேராகப் பிடித்து, கியரை (சக்கரங்களை) உள்ளே தூக்கச் சொன்னேன். 400 அடி வரை வேறு எதையும் தொடவில்லை. அதன் பிறகுதான் எந்த என்ஜின் என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் இருந்தவர் ஆமோதிக்கக் காத்திருந்தேன். தேர்வாளர் ஏதோ எழுதிக்கொண்டார். வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று நான் நம்புகிறேன். சுறுசுறுப்பான நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை (நேர்காணலின் கடைசியில் "ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்களே, அப்போது):

- எத்தனை விமானங்கள் பறக்கின்றன? "ஆர்டர் கொடுத்திருக்கிறோம்" என்பது கணக்கில் சேராது. இரண்டே விமானங்கள் வைத்திருப்பவரிடம் ஒன்று பெரிய பராமரிப்புக்குப் போனால் உங்கள் மணிக்கணக்கு பாதியாகும்.
- உடான் (சிறு நகர விமான சேவைக்கு அரசு மானியம் தரும் திட்டம்) ரூட்டுகள் எத்தனை, அவற்றின் மானியம் எப்போது முடிகிறது? மூன்று ஆண்டுகளுக்குத்தான் அந்த உதவி. அதன் பிறகு டிக்கெட் பணத்தில் மட்டுமே ரூட் ஓடியாக வேண்டும்.
- பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் எத்தனை மணிக்குச் சம்பளம் உறுதி?

ஏடிஆரா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. தூத்துக்குடி ஓடுபாதை 1350 மீட்டராக இருந்த காலத்தில் அங்கே பயணிகளை இறக்கியவற்றில் ஏடிஆரும் உண்டு.

நான் பிஎஃப், பிஎஃப் என்று புலம்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2017 முதல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி துணை விமானி விலக 6 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கமாண்டர் (கேப்டன்) ஓராண்டு. உள்ளே போக ஒரு கையெழுத்து போதும், வெளியே வர அரை வருடம். அதற்கு மேல் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிப் பயிற்சி) செலவுக்கான பாண்டு வேறு, அதாவது இடையில் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித் தரும் ஒப்பந்தம். அதில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: ஆண்டு ஆண்டாகத் தொகை குறைகிறதா, நிறுவனமே விமானத்தை நிறுத்தினால் பாண்டு ரத்தாகுமா, சம்பளம் நின்றால் என்ன ஆகும். எதுவும் எழுத்தில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துக் கேட்டால், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.