பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக்கும்போது உள்ளே நடப்பது

பல பிடிஎஃப் கோப்புகளை ஒரே கோப்பாக்குவது, தாள்களை அடுக்கிப் பின் அடிப்பதைப் போன்ற வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பிலும் பக்கம், எழுத்துரு, படம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. எந்த எண்ணுக்குரியது எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணையும் பெரும்பாலும் கோப்பின் இறுதியில் இருக்கும். இரண்டு கோப்புகளிலும் 5 என்ற எண் இருக்கக்கூடும் என்பதால், இணைக்கும் மென்பொருள் எண்களை மாற்றியமைத்து, அட்டவணையையும் புதிதாக எழுதியாக வேண்டும்.

இந்த வேலையைக் கியூபிடிஎஃப் போன்ற கருவிகள் பக்கங்களின் உள்ளடக்கத்தைத் தொடாமல் செய்கின்றன. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளோ பக்கங்களைப் படித்துக் கோப்பையே புதிதாக உருவாக்குகிறது. "பிடிஎஃப் ஆக அச்சிடு" என்ற குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதில் சொடுக்கிச் செல்லும் இணைப்புகளும் புத்தகக்குறிகளும் பெரும்பாலும் காணாமற்போய்விடும். ரகசியமான ஆவணங்களை இணையத்தளங்களில் ஏற்றி இணைப்பதையும் தவிர்ப்பேன்.

இணைத்த கோப்பு சில சமயம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருப்பதற்கு எழுத்துருக்கள் ஒரு காரணம். ஒவ்வொரு கோப்பும் தான் பயன்படுத்திய எழுத்துக்களை மட்டும் பொதிந்து வைத்திருப்பதால், ஒரே எழுத்துருவின் வெவ்வேறு துண்டுகள் புதிய கோப்பில் திரும்பத் திரும்ப இடம்பெறும்.

நிரப்பக்கூடிய படிவங்கள் இன்னும் சிக்கலானவை. ஒரே பெயருள்ள கட்டங்களைப் பிடிஎஃப் ஒரே கட்டமாகவே கருதுவதால், இருவர் நிரப்பிய ஒரே படிவத்தை இணைக்கும்போது ஒருவருடைய விவரம் மற்றவருடைய பக்கத்திலும் வந்து உட்கார்ந்துவிடலாம். சில கருவிகள் கட்டங்களின் பெயரை மாற்றி இதைச் சமாளிக்கின்றன. இருந்தாலும் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இணைக்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். கோப்புகளின் பெயர்களை 1, 2, 10 என்று வைத்தால், பெயர்வரிசையில் 2-க்கு முன்பே 10 வந்துவிடக்கூடும் என்பதால், 01, 02 என்று வைப்பதே என் வழக்கம்.

மின்னணுக் கையொப்பமிட்ட கோப்புகளை மட்டும் இவ்வாறு இணைக்கக் கூடாது. கையொப்பம் அந்தக் கோப்பின் குறிப்பிட்ட பைட்டுகளுக்கே உரியது. பக்கங்களை வேறு கோப்புக்கு மாற்றினால் கையொப்பத்தின் தோற்றம் எஞ்சினாலும் சரிபார்ப்பு செல்லாது. ஆகவே முதலில் இணைத்துவிட்டுப் பிறகு கையொப்பம் பெறலாம். ஏற்கெனவே கையொப்பமிட்டது என்றால், முதன்மைக் கோப்புக்குள் அதை மாற்றாமல் அப்படியே ஒரு தனிக் கோப்பாக, மின்னஞ்சலில் கோப்பை இணைப்பதுபோல், சேர்க்கலாம்.