செம்பூராங்கல் பூமியில் ஃபால்ட் தேடுகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் ஃபால்ட், அதாவது இருபுறமும் ஒன்றுக்கொன்று நகர்ந்த நிலப்பிளவு, தேடிச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஒரு நேர்கோடு கண்ணில் பட்டால், முதலில் கண்மாய்க்கரை என்றே சந்தேகப்படுங்கள். இங்கே தரை தென்கிழக்காகச் சரிகிறது. மணிமுத்தாறும் பாம்பாறும் அந்தப் போக்கில்தான் ஓடுகின்றன. தண்ணீரை மறிக்கும் கரை சரிவுக்குக் குறுக்கே, அதாவது வடகிழக்கு–தென்மேற்காக நீளும். காவிரிப் படுகையின் அடியில் புதைந்திருக்கும் பழைய ஃபால்ட்டுகளின் திசையும் ஏறத்தாழ அதுவேதான். எண்ணெய் தேடுகிறவர்கள் தேவகோட்டை–மன்னார்குடி முகடு என்று சொல்லும் நிலத்தடி மேடும் அப்படியே போகிறது. ஆகவே திசை ஒத்துப்போவது இந்த ஊரில் சாட்சியே இல்லை.

அந்தப் பழைய ஃபால்ட்டுகள் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்த காலத்தவை, 10 கோடி ஆண்டுக்கும் மூத்தவை. நம் கேள்வி வேறு: கடைசி 26 லட்சம் ஆண்டுகளில், இன்னும் குறிப்பாகக் கடைசி 11,700 ஆண்டுகளில், அவற்றில் ஏதாவது மறுபடி நகர்ந்ததா? அபாயம் குறைந்த பகுதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. மகாராஷ்டிரத்தின் கில்லாரியும், பெரும் நிலநடுக்கம் தாக்கிய 1993 செப்டம்பர் 30 வரை, நிலநடுக்க வரைபடத்தில் ஆகக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது.

1:50,000 வரைபடத்தில் கண்மாய், ஊருணி, வரத்துக்கால்வாய், சாலை, ரயில் பாதை எல்லாவற்றையும் முதலில் அடித்து நீக்கிவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சகஜம்; 2 மீட்டர் படியை அதில் நம்ப வேண்டாம். ஆற்றின் நீள்வெட்டில் வரும் படிகள் பெரும்பாலும் கலுங்குகள், அதாவது தண்ணீர் வழிய மனிதர் கட்டிய கட்டுகள். மிஞ்சும் கோடுகளில் அதிகம் ஏமாற்றுவது செம்பூராங்கல் (லேட்டரைட்) மேட்டின் விளிம்பு. அரிப்பில் உருவான விளிம்பு ஓடை வரும் இடத்தில் உள்வாங்கி வளைந்து போகும். செங்குத்தான ஃபால்ட் ஓடையை நேராக வெட்டிக்கொண்டு அக்கரை ஏறும். சந்தேகமான இடத்தில் கோட்டுக்குக் குறுக்கே 200 மீட்டர் நீளத்துக்கு, 2 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து லெவல் எடுங்கள்.

வீட்டுச் சுவர் விரிசலைச் சாட்சியாகக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. களிமண் அஸ்திவாரமும் வேப்பமர வேரும் போதும், நூறு வருடச் சுவரும் வெடிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

உண்மையான சாட்சி மண்வெட்டுமுகத்தில்தான் இருக்கிறது. கல் வெட்டிய பழைய குழிகள், புதிதாகத் தோண்டிய கிணறுகள் என்று இங்கே வெட்டுமுகத்துக்குப் பஞ்சமில்லை. கொத்துக் கரண்டியால் முகத்தைச் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்து, கிடையாக 1 மீட்டருக்கும் செங்குத்தாக 50 சென்டிமீட்டருக்கும் ஆணியடித்து நூல் கட்டி, 1:20 அளவில் வரையுங்கள். தேட வேண்டியது சரளை அடுக்கு. ஒரே தடிமன், ஒரே கூழாங்கல் கலவை, ஆனால் ஒரு கோட்டின் இருபுறமும் வெவ்வேறு உயரம்: அதுதான் பெயர்ச்சி. கீழடுக்கில் 80 சென்டிமீட்டரும் மேலடுக்கில் 30 சென்டிமீட்டரும் இறங்கியிருந்தால், ஒரு தடவைக்கு மேல் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர்ச்சி இல்லாத விரிசல் வெறும் விரிசல். செம்பூராங்கல் காய்ந்து இறுகும்போது அப்படித்தான் வெடிக்கும். களிமண்ணில் வழவழப்பான கீறல் முகங்களைக் கண்டும் அவசரப்படாதீர்கள்; நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்கும் களியில் அவை வளைந்து வளைந்து எல்லாத் திசையிலும் இருக்கும். ஃபால்ட்டின் கீறல் பெரும்பாலும் ஒரே போக்கில் ஓடும்.

1.5 மீட்டருக்குக் கீழே போனால் படிவெட்டு இல்லாமல், அல்லது முட்டுக் கொடுக்காமல், உள்ளே இறங்கவே கூடாது. மழைக்குப் பின் செம்மண் சுவர் சொல்லாமல் சரியும்.

வயதுக்குக் கரித்துண்டு கிடைத்தால் கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டு வரை எட்டும். செம்மண்ணில் கரி நிலைப்பது அரிது, எனவே மணலை ஒளித்தூண்டல் முறைக்கு எடுங்கள்; மணல் கடைசியாக வெளிச்சம் பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அது சொல்லும். 5 சென்டிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயை மணல் அடுக்கில் கிடையாக அடித்து, வெளிச்சம் படாமல் இருமுனையும் அடைத்துக் கறுப்புத் துணியில் சுற்றுங்கள். சுற்றுமண் ஒரு கிலோ கதிரியக்க அளவுக்குத் தனியாக வேண்டும். ஈரம் போகாதபடி ஒரு பொட்டலமும் கட்டுங்கள். முறிந்த அடுக்கில் ஒன்று, அதன்மேல் முறியாமல் மூடிய அடுக்கில் ஒன்று. நகர்வு இந்த இரண்டு வயதுக்கும் இடைப்பட்டது. புற்றுக்குப் பக்கத்தில் மட்டும் குழாய் அடிக்காதீர்கள். கறையான் மணலை மேலும் கீழும் கொண்டுபோய்க் கலக்கும், வயது தவறாக வரும்.

பிறகு அதே கோட்டில் 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி வெட்டிப் பாருங்கள். அங்கே சரளை முறியாமல் கிடந்தால், முதல் குழியில் கண்டது பெரும்பாலும் கரைச்சரிவுதான். அதை ஃபால்ட் என்று எழுதிவிடாதீர்கள்.